பி-மதிப்புக்குப் பதிலாக பேஸ் காரணி: தேயிலைத் தோட்டச் சோதனையை ஜாஸ்ப்பில் கணக்கிடுவது

கோத்தகிரிச் சரிவில் இரண்டு உரங்களை ஒப்பிட்டு, பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வித்தியாசம் தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.20 வந்தால் என்ன எழுதுவது? "இரண்டும் ஒன்றுதான்" என்று எழுத முடியாது. வித்தியாசமே இல்லையா, தரவு போதவில்லையா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. விலை குறைந்த உரமே போதும் என்று சிறு விவசாயிக்குச் சொல்ல வேண்டுமானால், வித்தியாசம் உண்டு, இல்லை என்ற இரண்டு கருதுகோள்களில் தரவு எதை எத்தனை மடங்கு ஆதரிக்கிறது என்று காட்டும் பேஸ் காரணி வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் மென்பொருள் அதை இலவசமாகவே கணக்கிட்டுத் தரும்.

முதலில் பாத்திகள். மேட்டில் ஒரு உரம், பள்ளத்தில் இன்னொன்று என்று போட்டால் மண்ணின் வித்தியாசம் உரத்தின் கணக்கில் ஏறிவிடும். ஒரே உயரத்தில், ஒரே அளவு சில்வர் ஓக் நிழலில், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளாக 12 ஜோடி எடுங்கள். எதற்கு எந்த உரம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். பனி ஈரம் எடையைக் கூட்டும். ஜோடியில் இரண்டையும் ஒரே வேளையில் பறித்து எடை போடுங்கள்.

8 சுற்று பறித்தால் 192 எடைகள் கிடைக்கும். அத்தனையையும் தனித்தனி வரிசையாக ஏற்றுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பெரிய பிழை. அதே செடிகளை எட்டு முறை அளந்தால் எட்டுப் பாத்திகள் ஆகிவிடாது. பேஸ் காரணி ஆதாரமில்லாமல் ஊதிப் போகும். பாத்திவாரியாக எட்டுச் சுற்றின் பசுந்தேயிலை எடையைக் கூட்டுங்கள். கடைசியில் ஜோடிக்கு ஒன்றாக 12 வரிசை, உரத்துக்கு ஒன்றாக இரண்டு பத்தி (நெடுவரிசை) மட்டுமே இருக்க வேண்டும். எண்ணோடு "கிலோ" என்று தட்டியிருந்தால் ஜாஸ்ப் அந்தப் பத்தியை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

கோப்பை சிஎஸ்வி வடிவில் சேமித்துத் திறந்து, டி-டெஸ்ட்ஸ் பட்டியலில் பேஸியன் பகுதியிலுள்ள பேர்ட் சாம்பிள்ஸ் டி-டெஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பத்திகளையும் ஜோடியாக நகர்த்துங்கள். ஒருபக்கக் கருதுகோள் (குறிப்பிட்ட ஒரு உரமே கூடுதல் விளைச்சல் தரும் என்பது) வேண்டுமென்றால் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எந்தப் பத்தி முதலில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் திசை மாறும்.

விடையில் வரும் பிஎஃப்10 (வித்தியாசம் உண்டு என்பதன் பக்கம் பார்க்கும் பேஸ் காரணி) 6 என்றால், வித்தியாசம் உண்டு என்ற கருதுகோளின் கீழ் இந்தத் தரவு 6 மடங்கு அதிகம் எதிர்பார்க்கத்தக்கது. கருதுகோள் சரியாக இருக்க 6 மடங்கு வாய்ப்பு என்று படிக்கக் கூடாது. அதன் தலைகீழான பிஎஃப்01 என்பது 6 என்றால் வித்தியாசமின்மைக்கே ஆதாரம். இரண்டுமே 3-ஐத் தாண்டாவிட்டால் ஜோடிகளைக் கூட்டுங்கள்.

விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று தரவைப் பார்க்கும் முன் வைக்கும் எதிர்பார்ப்பை ஜாஸ்ப் 0.707 அகலமுள்ள கோஷி பரவலாக (பூஜ்யத்தை மையமாகக் கொண்ட மணி போன்ற வளைவு) வைத்திருக்கும். ரோபஸ்ட்னஸ் செக் பெட்டியை டிக் செய்தால் அகலம் மாறும்போது விடை எப்படி நகர்கிறது என்று வரைபடம் வரும். அகலத்தைக் கூட்டக் கூட்ட விடை வித்தியாசமின்மைப் பக்கம் சாய்வது இயல்பு. முடிவே புரண்டுவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். பேஸியன் பகுதியில் கிடைக்கும் நம்பக இடைவெளி (விளைவின் அளவு இருக்கக்கூடிய எல்லை) கிலோவில் இருக்காது, திட்டவிலக்க அலகில் இருக்கும். விவசாயிக்குக் கிலோக் கணக்கு வேண்டும். அதை டி-டெஸ்ட்ஸ் பட்டியலிலுள்ள கிளாசிக்கல் பகுதியின் சராசரி வேறுபாட்டிலும் அதன் இடைவெளியிலும் எடுங்கள்.

கையில் பழைய அறிக்கையின் பி-மதிப்பு மட்டும் இருந்தால், பி, அதன் இயல் மடக்கை, 2.718 மூன்றையும் பெருக்கி, கழித்தல் குறியை நீக்கி, 1-ஐ அதனால் வகுங்கள். பி-மதிப்பு 0.37-க்குக் கீழே இருந்தால் மட்டுமே இது பொருந்தும். 0.05-க்கு 2.46, 0.005-க்கு 13.9 வரும். வித்தியாசத்துக்கு ஆதரவாக எட்டக்கூடிய உச்சவரம்பு அது. உண்மையான பேஸ் காரணி அதற்குக் கீழேதான் நிற்கும்.