கப்பல்துறைக்குப் போக ஆசையா? கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஏ/எல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கப்பலுக்குப் பொம்பிளைப் பிள்ளைகளை எடுப்பாங்களா?" எடுப்பார்கள். ஆனால் 2021இல் வந்த உலகக் கணக்குப்படி, சான்றிதழ் பெற்ற கடலோடிகளில் பெண்கள் வெறும் 1.28 வீதம், ஏறக்குறைய 24,000 பேர். அதனால் ஒவ்வொரு படியிலும் நாலு கேள்வி கூடக் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

படி 1: கடலா, கரையா?

கடல் என்றால் டெக் கேடட் அல்லது எஞ்சின் கேடட்; கேடட் என்றால் கப்பலில் பயிற்சி பெறும் அதிகாரி. டெக் கப்பலை ஓட்டும் பக்கம், எஞ்சின் அதை ஓடவைக்கும் பக்கம். மாதக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது. கரை என்றால் ஷிப்பிங் ஏஜென்சி, டெர்மினல், கப்பல் கட்டும் தளம், கடல்சார் சட்டம், காப்புறுதி என்று நீளும். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் நம் கரையெல்லாம் ஒதுங்கியபோது கடல் விஞ்ஞானம் படித்தவர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் எவ்வளவு வேலை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: முதலில் கண்

இதைப் பலர் கடைசிக்கு வைக்கிறார்கள், தப்பு. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது உங்களை நோக்கி நேராக வருகிறது. நிறம் பிரித்தறிய முடியாதவரை டெக்கில் விடமாட்டார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டிச் சோதிப்பார்கள். நிறக்குருடு ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான், ஆக இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். எதற்கும் கோர்ஸ் காசு கட்டுமுன் ஒரு கண் டாக்டரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

படி 3: கோர்ஸ் இல்லை, கப்பல்தான் முக்கியம்

கொழும்பில் இருப்பவர்களுக்கு மாலபேயில் சினெக் என்ற கடல்சார் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறினால் மாலபே. மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம். எங்கே சேர்ந்தாலும் சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றும் பலமாக இருக்கட்டும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். டெக் அதிகாரியாக வகுப்பறைப் படிப்பு மட்டும் போதாது; எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற, கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச விதிப்படி, அங்கீகரித்த பயிற்சியில் பயிற்சிப் பதிவேட்டோடு குறைந்தது 12 மாதம் கடலில் இருக்க வேண்டும், அப்படியான பயிற்சி இல்லாவிட்டால் 36 மாதம். கேடட்டாக ஏற்ற ஒரு கம்பெனி கிடைக்காவிட்டால் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், பெண் பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் இறுக்கம். ஆகவே சேருமுன் முகத்துக்கு நேரே கேளுங்கள்: கடந்த பேட்ச்சில் எத்தனை பெண்கள் கப்பல் ஏறினார்கள், எந்தக் கம்பெனியில்? பதில் வழவழவென்று வந்தால் எழும்பி வாருங்கள்.

கப்பலில் இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் அதைத் தடுக்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவுதான் உங்கள் தலையில் வரலாம்.

படி 4: தண்ணீருக்குள்

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தப்புதல் எல்லாம் வரும். கவிழ்ந்து கிடக்கும் உயிர்காப்பு மிதவையை நிமிர்த்துவது அதில் ஒன்று: காற்றுச் சிலிண்டர் இருக்கும் பக்கம் ஏறி நின்று, அடியில் உள்ள பட்டியைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும், மிதவை உங்கள் மேல்தான் விழும். பயப்படத் தேவையில்லை, பலத்தைவிட உடம்பின் பாரம்தான் அங்கே வேலை செய்கிறது. நீச்சல் தெரியாதா? இன்றே ஒரு நீச்சல் வகுப்பில் சேருங்கள்.

படி 5: வீட்டில் சம்மதம்

அம்மாவின் முதல் கேள்வி, எங்கே படுப்பாய் என்பதாகத்தான் இருக்கும். படி 3இல் சொன்ன அதே கடல்சார் தொழிலாளர் சமவாயம் ஆண், பெண் இருபாலாருக்கும் தனித்தனிப் படுக்கை அறை வேண்டும் என்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வும் உண்டு. "கவலைப்படாதீங்கம்மா" என்று நூறு தரம் சொல்வதைவிட இவற்றைக் காட்டுவது மேல்.

படி 6: கரைதான் என்றால்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் பட்டப்படிப்பு உண்டு. இல்லாவிட்டால் கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு ஏஜென்சியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து பி.எல். (சரக்கு ஏற்றிய பத்திரம்), டி.ஓ. (சரக்கை விடுவிக்கும் கட்டளை), மேனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்) என்று கையால் பழகிக்கொண்டே கப்பல் தரகுத் துறைக்கான ஷிப்புரோக்கர்ஸ் பரீட்சை எழுதலாம், எனக்குப் பிடித்தது இந்த வழி. நேர்முகத்தில் துறைமுகத்தைப் பற்றிக் கேட்பார்கள், முழிக்காதீர்கள்: கொழும்புத் துறைமுகத்தின் கொள்கலன் முனையங்களில் ஜே.சி.டி. துறைமுக அதிகாரசபையுடையது, எஸ்.ஏ.ஜி.டி.யும் சி.ஐ.சி.டி.யும் தனியார் பங்காளிகளோடு நடப்பவை.