பாரிமுனையை நின்று பார்ப்பது எப்படி?

சென்னையில் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனில், பழைய கட்டடங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து அடுத்த வருடம் ஒப்பிடக் குழுவாக நடப்பதென்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் போதும். அதற்கு மேல் தூரம் வைத்தால் பாதையை முடிக்கிற அவசரம்தான் மிஞ்சும்.

ஆள் எட்டு, மிஞ்சினால் பத்து. பதினைந்து பேர் சேர்ந்தால் முன்னால் சொல்வது பின்னால் கேட்காது. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கும் வழி அடைபடும். பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்தி மறுபடி மிதிப்பது பெரும்பாடு. அதனால் நிற்கும்போது எல்லோரும் ஒரே ஓரமாக, கடை வாசலை விட்டு நில்லுங்கள். தெரு பழகிய ஒருவர் கடைசி ஆளாக வரட்டும்.

ஒரே பாதையை இரண்டு முறை நடக்க வேண்டும். ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். நடுத்தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்க்கலாம். அந்த மாடியில் என்ன வியாபாரம் என்பது வேலை நாள் பதினொரு மணிக்குத்தான் தெரியும். ஞாயிறு மட்டும் பார்த்துவிட்டு 'ஊரே காலி' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் உள்ள எல்லைத் தூணில் தொடங்குங்கள். அதில் 1773 என்று பொறித்திருக்கும். புனித ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாமல் இருக்க, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெட்டவெளியாக்கிய நிலத்தின் எல்லை அது. எதிரே உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெளியில்தான். அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு. அரண்மனை எதையும் தேடாதீர்கள். 'ஆர்மீனியன்' தமிழில் அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. திரும்பும்போது தம்புச் செட்டித் தெரு, காளிகாம்பாள் கோயில் வழியாக வரலாம்.

வழியில் ஐந்தாறு கட்டடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. வாசற்படியிலிருந்து பாருங்கள். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும்; வீட்டுக்குள் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்று எண்ணுங்கள். அடுத்து மாடிப்படிக்குக் கீழே உள்ள ஈபி மீட்டர்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பன்னிரண்டு மீட்டர் தொங்கினால், உள்ளே எத்தனை தடுப்பு விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். காரை உதிர்ந்த இடத்தில் தட்டையான மெல்லிய செங்கல்லும் சுண்ணாம்பும் தெரிந்தால் அது பழைய சுவர். அதற்கு மேல் கான்கிரீட் தளம் இருந்தால் அந்த மாடி பிறகு ஏற்றியது.

குறிப்பில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டால் அடுத்த வருடம் வீட்டைத் தேடி அலைய வேண்டும். படம் எடுத்த இடத்தை எதிர்வீட்டு எண்ணை வைத்துக் குறியுங்கள். கடைப் பலகையை நம்ப வேண்டாம், அதுதான் முதலில் மாறும். அடுத்த வருடம் அதே மாதம், அதே நேரம் எடுத்தால்தான் நிழல் ஒரே பக்கம் விழும், ஒப்பிட முடியும்.

விசாரிப்பது ஒருவர் மட்டும். "இங்க முன்னாடி என்ன கடை இருந்தது அண்ணே?" என்றால் பேச்சு வளரும். "எப்ப இடிக்கிறாங்க?" என்று கேட்டால் வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், வாடகை வழக்கு நடக்கிற கட்டடமாக இருந்தால் அத்தோடு கதவு சாத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலைவதற்கு முன் டீக்கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து குறிப்புகளை ஒத்துப் பாருங்கள். படிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறியிருந்தால் அப்போதே திரும்பிப் போய் எண்ணிவிடலாம்.