கைபேசியிலிருந்து வீட்டுப்பாடத்தைச் சமர்ப்பித்தல்: பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

என் மகள் மூன்று வாரங்களாக ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதிய கணக்குப் பாடங்களில் ஒன்றும் வந்து சேரவில்லை என்று அவளுடைய ஆசிரியர் தொலைபேசியில் சொன்னபோதுதான், இணையவழிக் கல்வியில் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது எது என்று எனக்கு விளங்கியது. பாடத்தை ஆசிரியர் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளை எழுதிவிடுகிறாள், எழுதியது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் வீட்டில் ஒரு பெரியவர் வேண்டியிருக்கிறது. பல பள்ளிகள் பயன்படுத்தும் கூகுள் கிளாஸ்ரூம் செயலியைக் கொண்டு அந்த வழிமுறையை இங்கே விளக்குகிறேன். செயலியை நிறுவுவதும் வகுப்புக் குறியீட்டை உள்ளிடுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: கூகுள் கணக்கைச் சரிபார்த்தல்

ஒரே கைபேசியில் உங்கள் கணக்கும் பள்ளி கொடுத்த கணக்கும் இருந்தால், வகுப்பு இணைப்பு பெரும்பாலும் உங்கள் கணக்கிலேயே திறக்க முயலும். அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வரும். கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதற்கு முன், திரையின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, எந்தக் கணக்கு செயலில் இருக்கிறது என்று பாருங்கள். கணினியாக இருந்தால் குரோம் உலாவியில் பிள்ளைக்கென்று தனி சுயவிவரம் ஒன்றை உருவாக்கிவிடுவதே நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கிலிருந்து வெளியேறி மற்றொன்றில் நுழையும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் படி: பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக்குதல்

ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாக அனுப்பினால் வரிசை குலையும். திருத்தும் ஆசிரியருக்கும் வேலை இரட்டிப்பாகும். ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. இவை இருக்கும்போது விளம்பரம் காட்டும் வேறு ஸ்கேனர் செயலி எதையும் பிள்ளையின் கைபேசியில் ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தாளை மேசையில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி நின்று படமெடுங்கள். விளக்குக்கு நேர் கீழே குனிந்தால் உங்கள் நிழல் தாளின்மேல் விழும். எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் வண்ணத்திலேயே விடுங்கள். என் மகள் பென்சிலில் வைத்திருந்த தசமப் புள்ளி கறுப்பு வெள்ளையில் மறைந்து, 3.5 என்ற விடை 35 என்று தெரிந்தது. சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கோப்புக்குப் பாடத்தின் பெயரையும் தேதியையும் இட்டால் பின்னால் தேட எளிதாக இருக்கும்.

மூன்றாம் படி: சமர்ப்பித்தல்

நாங்கள் தவறியது இந்த இடத்தில்தான். பணியைத் திறந்து, ‘யுவர் வொர்க்’ பகுதியில் கோப்பை இணைத்ததும், அதன் சிறு படம் திரையில் தோன்றும். அதைக் கண்டு பாடம் போய்விட்டது என்று மகளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். உண்மையில் அந்தக் கோப்பு பணியோடு இணைந்திருக்கிறதே தவிர, இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. அதன் பிறகு ‘டர்ன் இன்’ பொத்தானை அழுத்தி, உறுதியா என்று கேட்கும் சிறு பெட்டியிலும் மீண்டும் ஒரு முறை அழுத்த வேண்டும்.

அழுத்தியதோடு நின்றுவிடாமல், பணியின் நிலையையும் படித்துப் பாருங்கள். ‘அசைன்டு’ என்று இருந்தால் பாடம் இன்னும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. கெடு கடந்துவிட்டால் அதுவே ‘மிஸ்ஸிங்’ என்று மாறிவிடும். ‘டர்ன்டு இன்’ என்று வந்த பிறகே வேலை முடிந்தது. இப்போது அந்தச் சொல்லை மகளே உரக்கப் படித்துவிட்டுத்தான் கைபேசியைக் கீழே வைக்கிறாள்.

நான்காம் படி: பெற்றோருக்கான மின்னஞ்சல்

பள்ளி இந்த வசதியை இயக்கியிருந்தால், முடிக்காத பணிகளும் வரவிருக்கும் பணிகளும் அடங்கிய சுருக்கம் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். ஆசிரியரிடம் கேட்டு அதற்கான மின்னஞ்சல் அழைப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் கைபேசியை அடிக்கடி வாங்கிச் சோதிப்பதைவிட இதையே நான் விரும்புகிறேன். பிள்ளைக்கும் நம்மீது நம்பிக்கை குறையாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதிய இரண்டு சிக்கல்கள்

பிள்ளையின் கைபேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் நாளுக்கான நேர வரம்பு வைத்திருந்த ஒருவரின் மகனுக்கு, சமர்ப்பிக்கும் வேளையில் கைபேசி பூட்டிக்கொண்டதாம். அதே செயலியின் அமைப்புகளில் கிளாஸ்ரூமை எப்போதும் அனுமதிக்கப்பட்ட செயலியாகக் குறித்துவிட்டால், வரம்பு முடிந்த பிறகும் அது இயங்கும்.

மற்றொருவர், விட்டுப்போன ஒரு பக்கத்தைச் சேர்ப்பதற்காகச் சமர்ப்பித்த பாடத்தை ‘அன்சப்மிட்’ செய்து திரும்பப் பெற்றிருக்கிறார். கெடுவுக்குப் பிறகு அப்படிச் செய்து மறுபடியும் அனுப்பினால், முதலில் உரிய நேரத்தில் அனுப்பியிருந்தாலும் தாமதம் என்றே பதிவாகும். ஆகவே கெடு கடந்துவிட்டது என்றால், பாடத்தைத் திரும்பப் பெறாமல், விட்டுப்போன பக்கத்தைப் பற்றி அந்தப் பணியின் தனிக்குறிப்புப் பகுதியில் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.