வரலாற்றுத் தாளில் சோர்ஸ் கேள்வி: வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்

என் அக்கா மகன் உயர்நிலை 2. தேதிகள் எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சோர்ஸ் கேள்வி, அதாவது பழைய செய்தி, பேச்சு போன்ற ஓர் ஆதாரத்தைக் கொடுத்து அதை வைத்தே பதில் எழுதச் சொல்லும் கேள்வி, வந்தால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. "எல்லாம் படிச்சுட்டுத்தான் போனேன், சித்தி" என்று தாளை நீட்டினான். படித்ததில் குறையில்லை. கண்முன் இருக்கும் ஆதாரத்தை விட்டுவிட்டு மனப்பாடத்தைக் கொட்டியிருந்தான். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் இதைச் சரிசெய்ய முடியும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், சோர்ஸை உடனே படிக்க விடாதீர்கள். அதோடு ஒரு சின்ன வரி இருக்கும்: யார் சொன்னது, எப்போது, எங்கே வந்தது. விரலை வைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாண்டிப் போவது இந்த வரியைத்தான்.

அடுத்து கேள்வி. 'இதிலிருந்து என்ன தெரிகிறது', 'எதற்காகச் சொன்னார்', 'இதை நம்பலாமா' என்று எந்த வகையென ஓரத்தில் ஒரு சொல் குறிக்கட்டும்.

மூன்றாவதுதான் நேரம் பிடிக்கும்: எழுதுவதற்கு முன் தமிழில் பேச வைப்பது. நாங்கள் எடுத்துக்கொண்டது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழும் தறுவாயில் செய்தித்தாளில் அச்சான ஆளுநர் ஷென்டன் தாமஸின் வாசகம். "சிங்கப்பூர் நிலைத்து நிற்க வேண்டும், நிற்கவே செய்யும்" என்பது அதன் பொருள். எதற்காகச் சொன்னார் என்று கேட்டேன்.

"ஊர் விழாதுன்னு நம்பினார்."

"சரி, அப்போ வெளியே என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு?"

8ஆம் தேதி இரவு ஜப்பானியர் வடமேற்குக் கரையில் இறங்கியது, 15ஆம் தேதி ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிட்டாவிடம் சரணடைந்தது எல்லாம் மளமளவென்று வந்தன.

"குண்டு விழற நேரத்துல இப்படிச் சொன்னா, யாருக்குச் சொல்றாரு?"

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தான். "பயந்துபோன ஜனங்களுக்கு. மனசு விட்டுடாம இருக்கணும்னு."

யாருக்கு, அவர்களை என்ன செய்ய வைக்க என்ற இரண்டும் வந்துவிட்டால் 'எதற்காக' கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரிதான்.

அப்புறம் எழுதட்டும். பள்ளியில் 'பீல்' என்று சொல்லித்தருகிறார்கள்: கருத்து, சான்று, விளக்கம், கேள்வியோடு இணைப்பு. சான்றுக்கு சோர்ஸின் சொற்களையே மேற்கோள் குறிக்குள் எடுத்துப் போட வேண்டும். எங்கள் வாசகத்தின் ஆங்கில மூலத்தில், 'நிற்கவே செய்யும்' என்று அழுத்திச் சொல்லும் 'ஷால்' (shall) என்ற சொல் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கவனித்து எழுதினான். எனக்கே அது தோன்றவில்லை! விளக்கம் வராமல் நின்றால் "ஏன்னா?" என்று மட்டும் கேளுங்கள். இலக்கணப் பிழைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் திருத்தினால் யோசனை அறுந்துவிடும்.

'நம்பலாமா' கேள்வியில், "ஆளுநர் சொன்னது, ஆகவே நம்ப முடியாது" என்று எழுதினால் எடுபடாது. இன்னொரு சோர்ஸோடு ஒப்பிட வேண்டும். ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பதற்கு அந்த வாசகத்தை நம்ப முடியாது. ஆனால் மக்கள் என்ன நினைக்க வேண்டுமென்று அரசாங்கம் விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது?

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. போருக்கு முந்திய இதழ் ஒன்று, ஜப்பானியர் காலத்தில் வந்த சியோனான் ஷிம்புன் செய்தித்தாள் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மேல் புக்கிட் தீமா சாலையில் அந்தப் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இப்போது காட்சிக்கூடமாக இருக்கிறது. கூட்டிப்போனால் கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். வீடு திரும்பும் வரை பஸ்ஸில் அவன் என்னோடு பேசவில்லை.