கோயில் கொடை வரியும் ஜூன் மாதப் பீஸும் சேமிப்பைத் தின்னாமல் இருக்க

திருநெல்வேலிப் பக்கம் மாதச் செலவை இறுக்கிப் பிடிக்கிற வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் கையில் காசு தங்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை மொத்தமாக வந்து நிற்கிற செலவுகள், சேர்த்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகின்றன. போதாததற்குக் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. அதனால் முதலில் அந்தச் செலவுகளிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: காலண்டர் கணக்கு

போன வருஷக் காலண்டரை எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். மாதம் மாதமாகப் புரட்டி, பெரிய செலவு எப்போதெல்லாம் வந்தது என்று எழுதுங்கள். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு உத்தேசமாக இப்படி வரும்:

ஜூன், பள்ளிக்கூடப் பீஸ், நோட்டு, யூனிபார்ம்: 12,000
ஊர்க் கோயில் கொடை (திருவிழா), வீட்டு வரியும் விருந்தாளிச் சாப்பாடும்: 4,000
தீபாவளி: 7,000
பொங்கல், பொங்கல்படி (கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர்) சேர்த்து: 4,000
மொய், 12 விசேஷத்துக்கு 500 வீதம்: 6,000
பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ்: 3,000

மொத்தம் 36,000. மாதத்துக்கு 3,000. சம்பளம் 22,000 என்றால், உண்மையில் செலவுக்குக் கையில் இருப்பது 19,000தான். பீடிக் கடையில் வாரக் கூலி வாங்குகிறவர்கள் 52 ஆல் வகுங்கள். வாரம் 700 எடுத்து வைத்தால் சரியாக வரும்.

இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். ஏடிஎம் கார்டு வேண்டாம், போனில் ஜீபேயோடு இணைக்கவும் வேண்டாம். எடுக்க வேண்டுமென்றால் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்கிற அந்தச் சிரமம்தான் இதற்குப் பூட்டு. இது சேமிப்பு அல்ல, நாளைய செலவு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எது எவ்வளவு என்று மூன்றாம் மாதமே குழம்பிவிடும்.

இரண்டாம் படி: வட்டிக் கடன்

மூணு வட்டிக்கு 10,000 வாங்கியிருந்தால் மாதம் 300, வருஷத்துக்கு 3,600 போகிறது. அதாவது 36 சதவீதம். எந்தச் சேமிப்பும் இந்த அளவு வட்டி தராது. ஆகவே இந்தக் கடன் இருக்கும்வரை மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அசலை அடைக்கத்தான் போக வேண்டும். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு பக்கத்தில் சீட்டும் போடுவது வீண்.

மூன்றாம் படி: 30 நாள் நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். அடுப்படியில், பென்சிலோடு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, என்ன செலவு, எவ்வளவு, அவ்வளவுதான். ராத்திரி படுக்கும் முன் ஜீபேயைத் திறந்து அதில் போனதையும் ஏற்றுங்கள். பெரும்பாலும் நோட்டில் ஏறாமல் தப்பிப்போவது அங்கேதான். இந்த மாதம் எதையும் குறைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி பார்த்தால் போதும்.

பலசரக்குக் கடையில் பற்று வைக்கிறவர்கள், அந்தச் சிட்டையில் பொருளின் பெயரும் விலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 'சாமான் 340' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன வாங்கினோம், விலை கூடியதா என்று எதுவும் தெரியாது. நோட்டு முடிந்த மறுமாதம் ரொக்கத்துக்கு மாறுங்கள்.

நான்காம் படி: பலசரக்கும் வெஞ்சனமும் (காய்கறி)

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சீனி 25. அரிசி இலவசம். சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி மாவுக்குப் போடுங்கள். பருப்பு தீர்வதற்குள் மாத முதல் பாதியிலேயே வாங்கிவிடுங்கள். வெளிக்கடையில் அரிசி வாங்கும்போது மூடை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். 25 கிலோ, 26 கிலோ என்று இரண்டு எடையில் மூடை இருக்கிறது.

மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று அள்ளிவந்து கீரையும் வெண்டைக்காயும் அழுகினால் லாபம் போச்சு. மூன்று நாளைக்கு மேல் வாங்காதீர்கள்.

நம் சமையலில் தேங்காய்ச் செலவு சாதாரணமல்ல. எண்ணிக்கைக்கு வாங்காமல் எடைக்கு வாங்குங்கள். உடைத்ததும் கண் உள்ள மூடியை முதலில் துருவுங்கள். அதுதான் சீக்கிரம் கெடும். மற்ற மூடி மறுநாளைக்குத் தாங்கும்.

பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஷாம்பு பல கம்பெனிகளில் சின்னப் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கரண்ட்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே உள்ள யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும். 500க்கும் 501க்கும் இடையில் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ரீடிங் எடுத்த நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். 30ஆம் நாள் மறுபடி பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கவனம் தேவை.

பழைய ஃபேன் 75 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 29 யூனிட் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அதிக நேரம் ஓடுகிற ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

ஆறாம் படி: ஆர்டி

வட்டிக் கடன் தீர்ந்ததும், நோட்டில் பிடித்த மிச்சத்தைத் தபால் நிலைய ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் சேமிப்பில் போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 ஆண்டு. 6.7 சதவீத வட்டிக்கு மாதம் 1,000 கட்டினால், கட்டிய 60,000 ரூபாய் சுமார் 71,300 ஆகத் திரும்பும். ஆர்வத்தில் 3,000க்குத் தொடங்கி நாலாம் மாதம் நிறுத்துகிறவர்கள் அதிகம். 1,000க்குத் தொடங்குங்கள், முடிந்தால் அடுத்த வருஷம் இன்னொரு கணக்குத் திறக்கலாம். தவணை தவறினால் 100க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். 12 தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும், கணக்கை உடைக்க வேண்டியதில்லை.

15ஆம் தேதிக்குள் தொடங்கினால் மாதாமாதம் 15க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசிவரை நேரம் உண்டு. உங்கள் சம்பளத் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வருகிற ஏஜென்ட் அக்காவிடம் கட்டினால், அவர் அட்டையில் எழுதியது மட்டும் போதாது. பாஸ்புக்கில் ஏறியதா என்று மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.