வியாழனின் வானொலி ஓசையைக் கொண்டு அதன் காந்தப்புலத்தைக் கணிப்பது எப்படி

இந்தக் கணிப்புக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 20.1 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்கும் சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றும், ஏறத்தாழ 7.1 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்து, இரு பாதிகளையும் எதிரெதிராக இழுத்துக்கட்டிய இருமுனை ஆண்டெனாவும் போதும். பெட்டியில் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு (AGC) இருந்தால் அணைத்துவிட வேண்டும். அது நாம் தேடும் ஏற்ற இறக்கத்தையே மட்டப்படுத்திவிடும்.

அடுத்தது நேரம். வானொலி அலைகளைத் தடுக்கும் மேல்வளி அடுக்கான அயனமண்டலம் மெலிந்திருக்கும் பின்னிரவில், வியாழன் வானில் உயர்ந்திருக்க வேண்டும். அதன் துணைக்கோளான ஐயோ, வியாழனுக்கு நேர் பின்புறமிருந்து அளக்கும்போது தன் சுற்றுப்பாதையில் 90 அல்லது 240 பாகையை ஒட்டியிருக்கும் இரவுகளில் ஓசை கேட்க வாய்ப்பு மிகுதி. ஐயோவுக்கும் இவ்வோசைக்கும் உள்ள தொடர்பை 1964 இல் பிக் என்ற அறிவியலாளர் கண்டறிந்தார்.

ஐயோவின் இடத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வியாழனின் காந்தப்புலத்தினூடே ஐயோ செல்லும்போது உண்டாகும் கிளர்ச்சி, சில ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் புலக்கோடுகளின் வழியே கோளை நோக்கித் தள்ளுகிறது. புலக்கோட்டையொட்டி நேராக இறங்குபவை வளிமண்டலத்தில் மோதி அழிய, சாய்ந்து சுழல்பவை வலுவான புலத்தில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் கூட்டத்தில் நேர்த்திசை எலக்ட்ரான்கள் குறைந்துபோன இந்தச் சமனின்மையிலிருந்தே அலை தன் ஆற்றலை உறிஞ்சிப் பன்மடங்காகப் பெருகுகிறது. இதுவே சைக்ளோட்ரான் மேசர். அங்கே பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வளிமம்) மிக அடர்த்தியற்று இருப்பதால், அலையின் அதிர்வெண் எலக்ட்ரானின் சுழற்சி அதிர்வெண்ணை ஒட்டியே அமைகிறது. மேலும் அலை எல்லாப் பக்கமும் பரவாமல், உள்ளீடற்ற அகன்ற கூம்பின் மெல்லிய சுவர் வழியே மட்டும் வெளியேறுகிறது. அச்சுவர் பூமியின் மீது படும்போதுதான் நமக்குக் கேட்கும்.

இந்தச் சுழற்சி அதிர்வெண் புலத்தின் வலிமைக்கேற்ப உயர்வதால் கணக்கு எளிது: ஒரு காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ். 20.1 ஐ 2.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.2 காஸ். இது ஓசை பிறந்த இடத்தின் புலமே தவிர, கோளின் மேற்பரப்புப் புலம் அன்று. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஏறத்தாழ 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இவ்வோசை கேட்பதில்லை என்பதால், மூல இடங்களில் வலுமிக்கது 14 காஸ் அளவு என்று கொள்ளலாம்.

இவ்வோசை இரு வகையாகக் கேட்கும். கரையில் அலை அடிப்பதுபோல் விநாடிக்கணக்கில் எழுந்து தாழ்வது ஒரு வகை. சோளம் பொரிவதுபோல் மில்லிவிநாடிகளில் வெடிப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையைக் கணினியில் நிறமாலையாக வரைந்து பார்த்தால், ஒவ்வொரு வெடிப்பும் உயர் அதிர்வெண்ணிலிருந்து தாழ்வதைக் காணலாம்: எலக்ட்ரான்கள் கோளைவிட்டு மேலே, வலுக்குறைந்த புலத்தை நோக்கி, ஏறிக்கொண்டிருக்கின்றன.