"உங்களுக்காக ஜெபிக்கிறன்" என்று சொன்ன பிறகு செய்யவேண்டியது

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது எங்கள் சனம் அடிக்கடி சொல்லும் பொய் எது தெரியுமா? "கவலைப்படாதேங்கோ, உங்களுக்காக ஜெபிக்கிறன்." அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் ஓட்டோவில் ஏறி மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுகிறோம். திருகோணமலையில் எங்கள் மெதடிஸ்த சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நெடுநாளாக நடத்துகிறவள் என்ற முறையில், இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போய் ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதே இடத்தில், அவருடைய கையைப் பிடித்து இரண்டு வரி ஜெபித்துவிடுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் பரவாயில்லை. எங்கள் ஊர் மான்கள் கூட வெட்கப்படாமல் நடுத்தெருவில் நிற்கின்றன, நமக்கென்ன.

ஜெபிக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆண்டவரிட்ட என்ன கேட்கட்டும்?" பர்திமேயு குருடன் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனிடம், "உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார். மார்பில் கட்டியென்று மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்த ஒரு அக்காவிடம் நான் இதைக் கேட்டேன். சுகம் வேண்டும் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது: "இரவு பஸ்ஸில சத்தி எடுக்காமல் போய்ச் சேரவேணும் தங்கச்சி. சத்தி எடுத்தால் பக்கத்தில இருக்கிற ஆக்கள் மூஞ்சையைச் சுளிப்பினம்." அன்றிரவு நான் அந்த பஸ்ஸுக்காகத்தான் ஜெபித்தேன். பெரிய நோயை ஆண்டவர் அறிவார். அந்த அக்காவின் மனதை அன்று அமுக்கிக்கொண்டிருந்தது இதுதான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். பெயர், தேதி, ஒரு வரியில் விஷயம், அவ்வளவு போதும். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அது பிறகு நடந்ததை எழுதுவதற்கு. நூறு பெயர் எழுதி வாசித்துக்கொண்டு போவது வருகைப் பதிவு எடுப்பதுதான், மன்றாட்டு அல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வகுப்புகள் என்ற சிறு குழுக்களைத் தொடங்கியபோது ஒரு தலைவருக்கு ஏறக்குறைய 12 பேரைத்தான் ஒப்படைத்தார்கள். கிழமைக்கொருமுறை அந்த 12 பேரையும் போய்ப் பார்க்கவேண்டும், ஒரு பென்னி காசும் வாங்கவேண்டும். கட்டடக் கடன் அடைக்கத் தொடங்கிய ஏற்பாடு, ஆத்துமாவைக் கவனிக்கும் ஏற்பாடாக மாறியது. என் கொப்பியிலும் அந்த அளவுதான். கூடினால் மற்றவர்களிடம் பகிர்ந்து கொடுத்துவிடுவேன்.

இரகசியமான விஷயத்துக்குப் பெயரின் முதலெழுத்து மட்டும். இதில் நான் கடுமை. "ஜெபிக்கத்தான் சொல்லுறன்" என்று தொடங்கி ஒரு வீட்டுக் கதையை உப்புவெளி வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எந்தப் பெயரையும் கொடுக்காதீர்கள்.

நேரம் உங்கள் வசதி. எனக்கு விடியற்காலை, பாங்கு சத்தத்தோடு. கிண்ணியாவில் எனக்கொரு சிநேகிதி இருக்கிறா, அதே நேரம் அவவும் எழும்பித் தொழுவா. "எண்ட மகனுக்கும் துஆச் செய்யுங்க" என்று கேட்டா, மகன் கட்டாரில் வேலை. அவனுக்காக எப்படி ஜெபிக்கிறது என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஜெபிப்பதைப்போலத்தான், அவன் பெயரைச் சொல்லி. அவன் தாய்க்கு நீங்கள் பிரசங்கம் வைக்கத் தேவையில்லை.

என்ன வார்த்தை சொல்வது என்று தவிக்கிறவர்கள் ஆதியாகமம் 18ஐ வாசியுங்கள். ஆபிரகாம் சோதோமுக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரைக்கும் இறங்கிப் பேசுகிறான், சந்தையில் மீன் விலை பேசுவதைப்போல. மரியாதையை விடவில்லை, கேட்பதையும் விடவில்லை. திருக்கடலூரில் படகு போகும் வீடுகளில் நான் 107ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். புயலில் குடிகாரனைப்போல் தள்ளாடுகிறவர்களை அவர்கள் நாடின துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார் என்று அதில் வருகிறது. வாடைக்காலத்தில் கணவன் கடலில் நிற்க நித்திரை வராமல் கிடக்கிற பெண்ணுக்குத் தானாக வார்த்தை தேட முடியாது, எழுதிவைத்ததை வாசிக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் பெருமூச்சு போதும். ரோமர் 8இல் ஆவியானவரே அப்படித்தான் வேண்டுதல் செய்கிறார்.

எல்லாவற்றிலும் கடினமானது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்காக ஜெபிப்பது. படத்தைக் கையில் பிடித்தபடி தெருவோரம் இருக்கிறவர்கள். 2016இல் சட்டம் வந்தது, காணாமல் போனோருக்கென்று அலுவலகமும் வந்தது, படம் இன்னும் கையில்தான். அந்தத் தாய்மார் பக்கத்தில் இருந்து "ஆண்டவரே, இவவுக்கு ஆறுதல் தாரும்" என்று ஜெபித்தால், விஷயம் முடிந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அவ "மகன் வருவான்" என்றால் "வரட்டும்" என்று கேளுங்கள். "எலும்பாவது தரட்டும்" என்றால் அதைக் கேளுங்கள். அவவுடைய நம்பிக்கையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்றே தொடங்குகிறது. நான் அதை அவர்களோடு சேர்ந்து வாசிப்பேன், விளக்கம் சொல்லமாட்டேன்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் தேவசமுகம், அதாவது ஆண்டவர் கூட இருப்பது, எனக்கு உதவுகிறது. இஸ்ரவேல் சனம் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய சம்பவத்துக்குப் பிறகு, "உம்முடைய சமுகம் கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகவேண்டாம்" என்று மோசே அடம்பிடித்தான். ஆகவே கேட்டது கிடைக்குமா என்று எனக்குத் தெரியாத வேளைகளில் நான் தயங்காமல் கேட்பது ஒன்று: "நீர் அவவோட இரும்." விசாரணை அறை, ஸ்கேன் எடுக்கும் இடம், விமான நிலையம் என்று இடத்தின் பெயரைச் சொல்லியே கேட்பேன். அவர் இருப்பதை உணரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எனக்கு அநேக நாட்களில் ஒன்றும் உணர்வதில்லை, முழங்கால் நோவைத் தவிர.

செய்யக்கூடியதை ஆண்டவர் தலையில் கட்டாதீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு டியூஷன் காசு கொடுக்க வசதியிருந்தால் காசைக் கொடுத்துவிட்டு ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லி ஒருவரும் ஜெபிக்கவேண்டாம். சொல்கிறவர் பாஸ்டராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

குறித்த நாள் கடந்ததும் போன் எடுத்து "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயம். வரும்தான். பவுல் தன்னை வருத்திய வேதனையை, அவர் முள் என்று சொன்னதை, எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை. தாவீது பிள்ளைக்காக உபவாசித்தான், பிள்ளை செத்துப்போனது. அந்த வீட்டுக்குப் போய் "விசுவாசம் காணாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சோறு சமைத்துக் கொண்டுபோங்கள். கொப்பியில் இறந்தவரின் பெயரை வெட்டாமல், கீழே வீட்டில் மிஞ்சியிருப்பவர்களின் பெயரை எழுதுங்கள்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் விண்ணப்பம் வரும். கைகூப்பிய படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருக்கவேண்டாம். ஜெபித்த பிறகு ஒரு வரி போடுங்கள்: "இப்பத்தான் உங்கட பெயரைச் சொன்னனான்." ஜெபிக்காவிட்டால் போடாதீர்கள்.